ஜொலிப்பு எந்த ஊர்ச் சொல்? (வாசகர் கேள்வி பதில்)

கார்த்திகை நெருங்குவதாலோ என்னவோ, காவிரிக் கரைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி விளக்கு, வெளிச்சம், மினுக்கு என்றே இருந்தன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை முழுக்க வெளிச்சத்துக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

கேள்வி: எங்கள் தெருமுனை நகைக்கடைப் பலகையில் ‘ஜொலிக்கும் தங்கம்’ என்று எழுதியிருக்கிறது. கல்லூரியில் தமிழ் படிக்கும் என் பெண், ‘ஜொலிப்பு தமிழே இல்லம்மா’ என்கிறாள். என் மாமியாரும் அவருடைய மாமியாரும் சொன்ன சொல் எப்படித் தமிழ் இல்லாமல் போகும்? எங்கிருந்து வந்தது, அசல் அர்த்தம்தான் என்ன?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் பெண் சொல்வது சரி. ஆனால் அதற்காக நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை அம்மா, அந்தச் சொல் நம் பக்கம் வந்து குடித்தனம் பண்ண ஆரம்பித்தே பல தலைமுறை ஆகிவிட்டது.

வடமொழியில் ‘ஜ்வல்’ என்று ஒரு வினைவேர். எரிதல், கொழுந்துவிட்டு எரிதல் என்பது அதன் பொருள். அதிலிருந்து ஜ்வாலா, நாம் தீ ஜுவாலை என்கிறோமே, பழைய எழுத்தில் சுவாலை, அதுதான். ஹிந்திக்காரர்கள் இதையே ‘ஜல்னா’ ஆக்கிக்கொண்டார்கள், எரிவதற்கும் அந்தச் சொல்தான், பொறாமைப்படுவதற்கும் அந்தச் சொல்தான், நம்முடைய வயிற்றெரிச்சல் மாதிரியே. தமிழுக்கு ஒரு பழக்கம், சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க விடாது, நடுவில் ஓர் உகரத்தைப் போட்டுவிடும். ஜ்வரம் ஜுரம் ஆனது, ஸ்வரம் சுரம் ஆனது, த்வாரம் துவாரம் ஆனது. அதே வழியில் ஜ்வலி ‘ஜுவலி’யாகி, வாயில் குழைந்து ‘ஜொலி’யாக நின்றது.

ஜுரத்தைச் சும்மா இழுக்கவில்லை. ஜ்வல், ஜ்வர் இரண்டும் வடமொழியில் ஒரே குடும்பத்து வேர்கள், ஒன்றில் லகரம், ஒன்றில் ரகரம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, நகைக்கடை ஜொலிப்பும் ஆஸ்பத்திரியில் பார்க்கிற ஜுரமும் உறவுமுறை. கல்யாணத்துக்கு நகை எடுக்கும்போது பில்லைப் பார்த்து உடம்பு சுடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, அர்த்தத்துக்கு வருவோம். எனக்கு இதில் ருசியாகப் படுவது அந்தச் சொல் நகர்ந்து வந்த விதம். தமிழில் யாரும் ‘அடுப்பு ஜொலிக்கிறது’ என்பதில்லை. வைக்கோல்போர் பற்றி எரிந்தபோது ‘ஜொலித்தது’ என்று யாராவது சொன்னால் போர்க்காரர் அடிக்க வருவார். வைரத்தோடு ஜொலிக்கும், திருபுவனம் பட்டில் சரிகை ஜொலிக்கும், மணமேடையில் பெண் ஜொலிப்பாள். தீயிலிருந்து புறப்பட்ட சொல் சூட்டை வழியிலேயே இறக்கிவைத்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்திருக்கிறது.

இது வடசொல்லுக்கு மட்டும் நடந்ததாக நினைக்க வேண்டாம். நம்முடைய சொந்தச் சொல் ‘சுடர்’ அதே பாதையில் ரொம்ப முன்னாலேயே போய் வந்துவிட்டது. சுடு, சூடு, சுடலை, சுடர் எல்லாம் ஒரே குடும்பம். திருக்குறளில் 267ஆவது குறளைப் பாருங்கள், ‘சுடச்சுடரும் பொன்போல் ஒளிவிடும்’ என்று வரும். சுடுவதும் சுடர்வதும் ஒரே மூச்சில், இடையில் பொன். தட்டான் உலையில் வைத்து ஊதினால்தான் பொன் சுடரும் என்ற தொழில் அறிவு அதில் இருக்கிறது. ஆனால் கலித்தொகையில் ஒரு பாட்டு ‘சுடர்த்தொடீஇ! கேளாய்!’ என்று தொடங்குகிறது. சுடர்த்தொடி என்றால் ஒளிவிடும் வளையல் போட்டவள். அந்த வளையலில் சூடு இல்லை, பளபளப்பு மட்டும்தான். அதாவது சங்கக் காலத்திலேயே சுடர் கையில் ஏறி வளையலாகிவிட்டது. ஜ்வல் வடக்கிலிருந்து வந்து செய்ததை நம் வீட்டுச் சொல் அதற்கு முன்னாலேயே செய்து பார்த்துவிட்டது.

வடசொல் உள்ளே வருவதைத் தொல்காப்பியரும் கதவடைத்துத் தடுக்கவில்லை. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்றார், அதாவது வரட்டும், எழுத்தை மட்டும் நம் எழுத்தாக்கிக்கொள் என்றார். அந்தக் கணக்குப்படி ‘சொலிப்பு’ என்று எழுத வேண்டும். எழுதினால் நகைக்கடைக்காரர் உட்பட ஒருவருக்கும் புரியாது, அதனால் ஜகரத்தோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் கட்சி.

ஆனால் ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா வெளிச்சத்துக்கும் ஜொலிப்பையே போட்டு மெழுகுவதால் மற்ற சொற்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. கல்நகை வியாபாரத்தில் ‘நீரோட்டம்’ என்று ஒரு சொல் இருக்கிறது, கேட்டிருப்பீர்கள். வைரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது உள்ளே தண்ணீர் ஓடுகிற மாதிரி வெளிச்சம் நகருமே, அதற்குப் பெயர். ‘நீரோட்டம் நல்லா இருக்கா பாரு’ என்று பெரியவர்கள் கல்லைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தோட்டைப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் போட்டு, பழைய பிரஷ்ஷால் பின்பக்கம் தேய்த்துக் கழுவினால் திரும்புவதும் அந்த நீரோட்டம்தான். தங்கத்துக்கு ‘மெருகு’ உண்டு. பொன் தகதக என்றிருக்கும், கத்தரிக்காய் பளபள என்றிருக்கும், எண்ணெய் தேய்த்த பிள்ளையின் உடம்பு மினுமினு என்றிருக்கும், இவற்றை இடம் மாற்றிப் பாருங்கள், கத்தரிக்காய் தகதகத்தால் வாங்க மாட்டீர்கள். உங்கள் பெண்ணிடம் இதைச் சொல்லுங்கள், தமிழ் படிக்கிற பிள்ளைக்கு ஜொலிப்பைத் துரத்துவதைவிட இது நல்ல வேலை.

கேள்வி: ஒளி குறித்த தமிழ்ச் சொற்களில் ரொம்பப் பழையது எது? மார்கழியில் பாடுகிற ‘எல்லே இளங்கிளியே’யில் வரும் எல்லேவுக்கும் வெளிச்சம்தான் பொருள் என்று எங்கள் பஜனைக் கோஷ்டியில் ஒருவர் அடித்துப் பேசுகிறார்.
(ஒரு வாசகர், திருவாரூர்)

பதில்: எது முதலில் பிறந்தது என்று ஜாதகம் எழுத முடியாது. ஆனால் தொல்காப்பியமே நின்று பொருள் சொல்லிவிட்டுப் போன ஒரு சொல் உண்டு, ‘எல்’. ‘எல்லே இலக்கம்’ என்பது அந்த நூற்பா, இரண்டே சொல். எல் என்றால் இலங்குதல், அதாவது ஒளிர்தல். எல்வளை என்றால் ஒளிரும் வளை. அப்படியே நீண்டு சூரியனுக்கும் பகலுக்கும் பெயராகிவிட்டது. நெய்தல் திணைக்கு உரிய பொழுதைப் பள்ளிக்கூடத்தில் எற்பாடு என்று மனப்பாடம் செய்தோமே, அது எல்+பாடு, சூரியன் சாய்கிற நேரம்.

பொருநராற்றுப்படையில் ஓர் இடம் வரும், நம் கரிகாலன் வீட்டு விருந்து. அங்கே தங்கிச் சாப்பிட்ட பொருநன் சொல்கிறான், ‘எல்லையும் இரவும்’ ஊன் தின்று தின்று, கொல்லையை உழுத கொழு மாதிரி என் பல்லெல்லாம் மழுங்கிவிட்டது என்று. எல்லை என்றால் இங்கே ஊர் எல்லை அல்ல, பகல். ராத்திரி பகலாகக் கறி தின்றிருக்கிறார்கள். காவிரிக்கரை விருந்தோம்பலைப் பற்றி இப்போது மேடையில் பேசுகிறவர்கள் வாழையிலை, வத்தக்குழம்பு என்று ஆரம்பிப்பார்கள், இந்த வரியை ஏனோ தொடுவதில்லை.

உங்கள் கோஷ்டி நண்பர் விஷயம். திருப்பாவையில் வருவது வேறு ‘எல்லே’. தூங்குகிற தோழியை ‘ஏடீ’ என்று கூப்பிடுகிற விளி அது. பழைய இலக்கியத்தில் ‘எல்லா’ என்று தோழன், தோழியைக் கூப்பிடும் சொல் உண்டு, அதன் வழிதான். வெளியே நிற்கிறவள் ‘வெளிச்சமே இளங்கிளியே’ என்று அழைத்திருந்தால் உள்ளே இருப்பவள் இன்னும் கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

கேள்வி: எங்கள் ஊரில் குத்துவிளக்கு செய்கிறோம். வீட்டில் பெண்கள் பாத்திரம் விளக்குகிறார்கள். வாத்தியார் பாடத்தை விளக்குகிறார். மூன்றும் ஒரே விளக்குதானா, தற்செயலா?
(ஒரு வாசகர், நாச்சியார்கோவில்)

பதில்: ஒரே விளக்குதான், தற்செயல் துளியும் இல்லை. கேள்வி கேட்ட ஊரும் பொருத்தமான ஊர்.

விளங்கு என்பது தானே நிகழ்வது. அடங்கு, கலங்கு, ஒடுங்கு மாதிரி. நாம் செய்ய வைத்தால் அடக்கு, கலக்கு, ஒடுக்கு. அதேபோல விளங்கு, விளக்கு. விளங்கச் செய்வது எதுவோ அது விளக்கு. எண்ணெயும் திரியும் போட்டு அறையை விளங்கச் செய்தால் அது பெயராகி மாடத்தில் உட்கார்ந்துகொள்ளும். களிம்பேறிய பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டு விளங்கச் செய்தால் வினை. புரியாததை விளங்கச் செய்தால் அதுவும் வினை. ‘பல் விளக்கினாயா’ என்று கேட்டால் பையன் எரிச்சலோடு போகிறான், ‘பாடம் விளங்கியதா’ என்று கேட்டாலும் அதே எரிச்சல்தான், இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது அவனுக்குத் தெரிய நியாயமில்லை. துலங்கு, துலக்கு என்பதும் இதே ஜோடி. பாத்திரம் துலக்குவதும் துப்புத் துலக்குவதும் அப்படி வந்தவை. ‘விளங்காதவன்’ என்று திட்டுகிறோமே, அதுவும் வெளிச்சக் கணக்குத்தான்.

குத்துவிளக்கில் குத்து என்பது குத்திட்டு நிற்பது, நிமிர்ந்து நிற்பது. ஆண்டாள் ‘குத்து விளக்கெரிய’ என்று பாடியிருப்பதால் பெயர் நேற்று வந்ததில்லை. உங்களுக்குத் தெரியாததா, ஆனாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நாச்சியார்கோவில் விளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வார்ப்புக்கு எடுக்கிற அச்சு மண் காவிரிப் படுகையின் வண்டல், மாவாகச் சலித்த மாதிரி நைஸாக இருக்கும், அதனால்தான் கடைசலுக்கு முன்பே தட்டின் விளிம்பும் அன்னத்தின் மூக்கும் பிசிறில்லாமல் விழுகின்றன. அடி, தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்துக் கடைந்து மரை போட்டுத் திருகிச் சேர்ப்பது. வீட்டில் விளக்கும்போது கழற்றித் தேய்க்க முடிவது அதனால்தான். கழற்றாமல் தேய்த்து மரை இடுக்கில் புளியை விட்டுவிட்டால் பச்சை பூக்கும், பிறகு கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: பெரிய கோயில் கல்வெட்டு பற்றிய ஒரு கூட்டத்தில் ‘நந்தா விளக்கு’ என்றார்கள். நந்தா என்பது யார்? பெண் பெயரா?
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பெண் இல்லை அம்மா, வினை. நந்து என்றால் கெடுதல், அணைதல். நந்தா விளக்கு என்றால் அணையாத விளக்கு. கல்வெட்டில் நொந்தா விளக்கு, நுந்தா விளக்கு என்றும் எழுதியிருப்பார்கள். நுந்து என்பதற்குத் தூண்டு என்ற பொருளும் இருப்பதால், தூண்ட வேண்டாத விளக்கு என்றும் கொள்ளலாம், எப்படிப் பார்த்தாலும் இரவு பகல் எரிய வேண்டியது.

இதன் பின்னால் ஒரு பெரிய கால்நடைக் கணக்கே இருக்கிறது. ஒரு விளக்கு நாள்தோறும் எரிய ஓர் உழக்கு நெய். நான்கு உழக்கு ஒரு நாழி. அந்த ஓர் உழக்குக்காக ராஜராஜன் காலத்தில் கோயிலுக்கு விடப்பட்டவை 96 ஆடுகள். ஆடு இல்லையென்றால் 48 பசுக்கள், அதுவும் இல்லையென்றால் 16 எருமைகள். தஞ்சைக் கல்வெட்டுகளில் இந்த விகிதம் தெளிவாக இருக்கிறது. பால் கறக்கும் அளவை வைத்துப் போட்ட கணக்கு என்று பார்த்தாலே தெரிகிறது, ஓர் எருமைக்கு மூன்று பசு, ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு.

இந்த ஆடுகளுக்குச் சோழநாட்டுக் கல்வெட்டுகள் கொடுத்த பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு. ஏதோ புராண ஆடு என்று நினைக்க வேண்டாம், ஒப்பந்த பாஷை அது. ஆட்டை வாங்கிக்கொள்ளும் இடையர்கள் செத்ததற்கும் கிழடானதற்கும் பதிலாகக் குட்டியை நிரப்பி எண்ணிக்கையை 96ஆகவே வைத்திருக்க வேண்டும், மிச்ச ஈற்று அவர்களுக்கு. தானம் கொடுத்தவர் போய்விடுவார், இடையரும் போய்விடுவார், ஆடு மட்டும் கணக்கில் சாகாது. இப்போதைய வங்கி வைப்புநிதியில் முதலைத் தொடாமல் வட்டியை எடுப்பது என்கிறோமே, அதை ஆட்டுப் புழுக்கையோடு செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று. நாம் வீட்டில் ‘விளக்கை அணை’ என்று சொல்லத் தயங்குகிறோம். அமர்த்து, குளிர வை, மலையேற்று என்கிறோம். அந்தத் தயக்கத்துக்கு நடுவில் கல்வெட்டு எழுதியவர்கள் கெடுதல் என்ற பொருளுள்ள சொல்லையே எடுத்து, ஓர் எதிர்மறையைச் சேர்த்து விளக்குக்குப் பெயராக வைத்துவிட்டார்கள், அதுவும் கோயில் சுவரில்.

கேள்வி: சூரியக் கதிரும் நெற்கதிரும் ஒன்றா?
(ஒரு விவசாயி, மன்னார்குடி)

பதில்: நூல் நூற்கும் கதிரை விட்டுவிட்டீர்களே, அதையும் சேர்த்து மூன்று. கூராக நீண்டு வெளியே வருவது என்ற தோற்றம் மூன்றுக்கும் பொது, அதனால் மூன்றையும் ஒன்றாகவே பார்க்கிறேன். தொண்டைக்கதிராக உள்ளே இருக்கும் வரை பயிரில் ஒன்றும் தெரியாது, தாள் கொஞ்சம் பருத்திருக்கும், அவ்வளவுதான். இலையுறையைப் பிளந்துகொண்டு அது நீட்டுகிறபோது, அதிலும் வாலுள்ள பழைய நெல் ரகமாக இருந்து காலை வெயில் பின்னாலிருந்து விழுந்தால், சூரியனுக்கும் அதற்கும் ஏன் ஒரே பெயர் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதற்கு நீங்கள் வரப்பில் நிற்கிறவர், நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவன், என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். சம்பா எப்படி இருக்கிறது என்று எழுதியிருக்கலாம்.

கேள்வி: ஒளி என்றால் வெளிச்சம். ஒளி என்றால் மறைந்துகொள். எதிரெதிர்ப் பொருள் எப்படி ஒரே சொல்லுக்கு?
(ஒரு மாணவி, மயிலாடுதுறை)

பதில்: ஒரே சொல் இல்லை, ஒரே ஒலியுள்ள இரண்டு சொல். சொற்பிறப்பு அகராதிகள் தனித்தனியாகத்தான் போட்டிருக்கின்றன. வினையாக்கிப் பார்த்தால் பிரிந்துவிடும். மறைவது ஒளிந்தது, ஒளித்தது. வெளிச்சம் தருவது ஒளிர்ந்தது. புறநானூற்றில் ‘ஒளிறு வாள்’ என்று வரும், மின்னுகிற வாள், ஒளிந்திருக்கிற வாள் அல்ல. தேர்வில் கேட்டால் இதை எழுதலாம். வெளிச்சம் வந்தால் இருட்டு ஒளிந்துகொள்ளும், அதனால்தான் ஒரே சொல் என்று பட்டிமன்றத்தில் பேசுகிறவர்களைக் கேட்டுக் கைதட்டுங்கள், எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: சிலை வார்க்க உலோகம் உருக்கும்போது மூசையில் (உருக்குகிற குடுவையில்) வருகிற அந்த நிறத்துக்கு என்ன பெயர் சொல்வது? கங்கு, தணல், கனல் எல்லாம் ஒன்றுபோலப் புழங்குகிறார்கள். அது ஏன் நிறம் மாறுகிறது என்றும் சொல்லுங்கள்.
(ஒரு வாசகர், சுவாமிமலை)

பதில்: பேச்சில் கலந்துவிட்டாலும் வித்தியாசம் இருக்கிறது. கங்கு என்றால் ஒரு துண்டு, ‘ஒரு கங்கு எடுத்துப் போடு’ என்போம். தணல் என்றால் குவியல், குமுட்டி அடுப்பில் கரி பிடித்து, சுவாலை அடங்கி, சிவப்பாக இருக்குமே அந்த நிலை. அப்பளம் சுட உகந்த நேரம். கனல், தழல் இரண்டும் நெருப்பையே பொதுவாகச் சொல்ல எழுத்தில் வருபவை. மேலே சாம்பல் மூடிவிட்டால் நீறு பூத்த நெருப்பு. தணலுக்கு உரிய ஒலிக்குறிப்பு ‘கணகண’. கரி கணகணவென்று இருக்கிறது என்போம், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘கணகணன்னு இருக்கே’ என்றும் சொல்வோம். முதல் பதிலில் ஜொலிப்பும் ஜுரமும் உறவு என்றேனே, வடமொழியில் வேரிலே நடந்தது இங்கே அடுப்படியில் தானாக நடந்திருக்கிறது.

நிறம் மாறுவதற்குக் காரணம் சூடு ஒன்றுதான். எந்தத் திடப்பொருளும் சுமார் 525 டிகிரி செல்சியஸைத் தொட்டால் இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். ஏற ஏறச் செம்மஞ்சள், மஞ்சள், பிறகு வெண்மை. செம்பு உருகுவது 1085 டிகிரியில், அதனால் உங்கள் மூசை செம்மஞ்சளைத் தாண்டிய பிறகே வார்ப்புக்குப் பதமாகிறது. தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் உங்கள் முன்னோர்கள் நிறத்தைப் பார்த்தே பதம் சொன்னார்கள். குங்கிலியம் கலந்த மெழுகில் உருவம் பிடித்து, வண்டல் பூசி, காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிற வேலையில் ஒரு தடவைதான் வாய்ப்பு, பதம் தவறினால் விரல் நுனி நிரம்பாது. பெயர் கேட்டீர்கள் அல்லவா, ‘தணல் நிறம்’, ‘பொன் நிறம்’ என்று பட்டறையில் என்ன புழங்குகிறதோ அதையே எழுதுங்கள், புதிதாகச் செய்ய வேண்டாம்.

கேள்வி: பழைய குண்டு பல்பைத் தொட்டால் கை பொத்துவிடும். மின்மினிப் பூச்சியைக் கையில் பிடித்தால் சுடுவதே இல்லை. இரண்டுக்கும் ஒளிர்கிறது என்றே எழுதலாமா?
(ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: எழுதலாம், தப்பில்லை. குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2,500 டிகிரிக்குச் சூடேறி ஒளிர்கிறது, மூசையில் நடப்பதேதான், கண்ணாடிக்குள். வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கியே தீர்த்துவிடும், வெளிச்சம் கொசுறு. மின்மினியின் வயிற்றில் நடப்பது வேதிவினை, லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது வெளிச்சம் வருகிறது, சூடு கிட்டத்தட்ட இல்லை. பாடப்புத்தகக்காரர்கள் சுடாத ஒளிர்வுக்குள்ளேயே பிரித்து நல்ல சொற்கள் போட்டிருக்கிறார்கள்: மேலே விழும் ஒளி நின்றதும் நின்றுவிடுவது உடனொளிர்தல், நின்ற பிறகும் கொஞ்ச நேரம் தொடர்வது நின்றொளிர்தல். சுவாமி அலமாரியில் விளக்கை அமர்த்திய பிறகும் பச்சையாகத் தெரிகிற பிளாஸ்டிக் பொம்மை இரண்டாவது வகை.

மின்மினிக்குப் பெயர் வைத்தவர்கள் இந்தத் தகராறுக்கே வரவில்லை. மின் என்றால் பளிச்சென்று வந்து போவது, மின்னலும் அப்படித்தான், விண்மீனும் அப்படித்தான். மின், மினி என்று இரண்டு தடவை சொல்லி விட்டுவிட்டார்கள், அது அணைந்து அணைந்து எரிவதற்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் பிடித்ததைப் பாட்டிலில் அடைக்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம்.